அப்பா அம்மாவுக்கு லண்டன் டூர்: எஃப்டியை ஏன் தொடாதீங்கன்னு சொல்றேன்?

ஏப்ரல், மே வந்தா எங்க ஆபீஸுக்கு ஒரு வகை போன் தவறாம வரும். "சார், பையன் இங்கிலாந்துல இருக்கான். நானும் வீட்டுக்காரியும் போய்ப் பார்த்துட்டு, அப்படியே ஊரையும் சுத்திட்டு வரலாம்னு இருக்கோம். டூர்காரங்க பத்து நாள் பேக்கேஜ் சொல்றாங்க. நெட்வொர்த் சர்டிபிகேட் ஒண்ணு வேணும்." பணத்துக்கு என்ன பண்றீங்கன்னு கேட்டா, "எஃப்டியை உடைச்சுக்கலாம்"னு பதில் வரும்.

உடைக்காதீங்க. போகவே வேண்டாம்னு சொல்லலை, கண்டிப்பா போங்க. பேக்கேஜுக்காக எஃப்டியைத் தொடாதீங்கன்னு மட்டும்தான் சொல்றேன். ஆளுக்கு 4 லட்சம், இரண்டு பேருக்கு 8 லட்சம்னு வெச்சுக்குவோம். 7% வட்டியில அந்த 8 லட்சம் வருஷத்துக்கு 56,000 ரூபாய் தரும். மாசம் 4,600 சொச்சம். ராசிபுரத்துல வயசான தம்பதிக்கு இது மருந்துக்கடை பில். பத்து நாள் பஸ் ஜன்னல் வழியா ஊர் பார்க்கிறதுக்கு, வாழ்நாள் முழுக்க வர்ற மருந்துக் காசைக் கொடுக்கலாமா?

பேக்கேஜோட பெரிய குறை அதோட அவசரம்தான். காலையில ஏழு மணிக்கு பஸ், ஒரு இடத்துல ஒன்றரை மணி நேரம், மறுபடி பஸ். விசிட்டர் விசாவுல ஆறு மாசம் வரைக்கும் தங்கலாம். பையன் வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு, வாரத்துக்கு ஒரு இடம்னு போனா ஓட்டல் செலவு பெரும்பாலும் மிச்சம். மூட்டு வலிக்கும் நல்லது.

அந்த நாட்டுல பார்க்க வேண்டிய நல்ல இடங்கள் பலதுக்கு டிக்கெட்டே கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம் இலவசம். 1859-ல நம்ம மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல போன அமராவதி சிற்பங்கள் அங்கேதான் இருக்கு. பிரம்மாண்டமான கல் வட்டம்னா எல்லாரும் ஸ்டோன்ஹெஞ்ச் போறாங்க. டிக்கெட் வாங்கியும் சாதாரண நேரத்துல கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பார்க்கணும். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே ஏவ்பரி இருக்கு. 1986-ல இரண்டுக்கும் சேர்த்துத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியல்ல இடம் கொடுத்தாங்க. ஏவ்பரி வட்டம் அதைவிடப் பெருசு, உள்ளேயே ஒரு கிராமம் இருக்கு, கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. கார் நிறுத்தத்தான் காசு. என்னைக் கேட்டா ஏவ்பரிதான்.

கி.பி. 122-ல ரோமானியர் கட்ட ஆரம்பிச்ச ஹேட்ரியன் சுவர் 117 கிலோமீட்டர் நீளம். அது ஓரமா நடக்க யாரும் காசு கேட்க மாட்டாங்க. வட அயர்லாந்துல ஜயன்ட்ஸ் காஸ்வே, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான சுமார் 40,000 கல் தூண்கள் கடலோரமா நிற்கும். நடந்து போய்ப் பார்க்க இலவசம், விசிட்டர் சென்டருக்குத்தான் கட்டணம். நம்ம ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல இறங்கி ஏறணும். அங்கே முடியாதவங்களுக்கு மினி பஸ்ஸே ஓடுது. ஒரு எச்சரிக்கை: பெல்ஃபாஸ்ட் இங்கிலாந்து விசாவுக்குள்ள வரும், டப்ளின் தனி நாடு. டிக்கெட் மலிவா இருக்குன்னு டப்ளின் வழியா போடாதீங்க, ஐரிஷ் விசா கேட்பாங்க.

காசு கொடுத்துப் பார்க்க ஒண்ணு ரெண்டு வெச்சுக்குங்க. லண்டன் டவர் ஆளுக்கு 35 பவுண்டு சுமார். கோஹினூர் அங்கேதான். போறது மே, ஜூன்ல இருக்கட்டும். ஜூன்ல ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும்.

இனி என் தொழில் விஷயம். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025-26-ல 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20%. 2026 பட்ஜெட்ல அதை 2% ஆக்கினாங்க. போன வருஷம் அப்பா பான் நம்பர்ல 8 லட்சத்துக்கு வாங்கியிருந்தா 40,000 ரூபாய் அவர் 26ஏஎஸ்ல இருக்கும். "எனக்குத்தான் வரியே இல்லையே"ன்னு அவர் ரிட்டர்ன் போடாம விட்டா, அந்தக் காசு திரும்பி வராது. ரிட்டர்ன் போடுங்க. வெறும் விமான டிக்கெட் மட்டும் வாங்கினா அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ்ஸும் கிடையாது.

விசாவுக்காக மச்சான்கிட்ட 10 லட்சம் வாங்கி மூணு நாள் அக்கவுண்ட்ல வெச்சுட்டு சர்டிபிகேட் கேட்கிறவங்க இருக்காங்க. நான் கொடுக்க மாட்டேன். அங்கே பார்க்கிறது பேலன்ஸை மட்டும் இல்லை, பணம் எங்கிருந்து வந்ததுன்னும்தான். ஏமாத்தினதா முடிவு பண்ணினா பத்து வருஷம் வரைக்கும் தடை விழும். பென்ஷன், வாடகை, விவசாய வருமானம் எதுவா இருந்தாலும் உள்ளதைக் காட்டுங்க. மகன் செலவு பண்றான்னா அவன் சம்பளச் சீட்டையும் கடிதத்தையும் வைங்க. மகனே செலவு பண்றதுதான் நியாயமும்கூட.

மிச்சம் பிடிச்ச காசுல தாராளமா வாங்க வேண்டியது இன்சூரன்ஸ். இங்கிலாந்துல வைத்தியம் இலவசம்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. விசிட்டரா போறவங்களுக்கு அவசர சிகிச்சைப் பிரிவு மாதிரி சிலது மட்டும்தான் இலவசம். வார்டுல அட்மிட் ஆனா, அரசு மருத்துவமனையே செலவுல 150% பில் போடும். சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எதையும் பாலிசியில மறைக்காதீங்க. பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை. ஏற்கெனவே உள்ள வியாதிக்கு எவ்வளவு கவர், எந்த நிலைமையிலன்னு அந்த ஒரு பக்கத்தை மகனைப் படிக்கச் சொல்லுங்க.

அப்புறம் நெய். ராசிபுரத்துல இருந்து போறவங்க பெட்டியில அது இல்லாம இருக்காது. ஆனா இந்தியாவுல இருந்து பால் பொருள் எதையும் அங்கே கொண்டு போக அனுமதி இல்லை, ஏர்போர்ட்லயே எடுத்துடுவாங்க. கொல்லிமலை மிளகு கொண்டு போங்க.