ஜாடிக்குள் வெண்பொங்கல்

அக்டோபர் கடைசியில் ஆபீஸில் எங்க டீமையே கலைத்துவிட்டார்கள். அரை மணி நேர வீடியோ கால், அவ்வளவுதான். அதைப் பற்றி இங்கே புலம்பப் போவதில்லை. ஆனால் நவம்பரில், வருஷா வருஷம் திறக்கும் அந்த எக்ஸெல் ஷீட்டைத் திறந்தபோது வயிற்றைக் கலக்கியது. கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னால் யார் யாருக்குப் பரிசு என்ற லிஸ்ட் அது. மகளோட கிளாஸ் டீச்சர், ஸ்கூல் பஸ் டிரைவர், பியானோ டீச்சர், நீச்சல் கோச், தபால்காரர், பக்கத்து வீடுகள் என்று மொத்தம் 14 பேர். ஆளுக்கு 25 டாலர் கிஃப்ட் கார்டு என்றால் 350 டாலர். போன வருஷம் இதை யோசிக்காமல் கிளிக் பண்ணியிருந்தேன். (தபால்காரருக்குக் கொடுத்தது தப்புதான். ஒரு தடவைக்கு 20 டாலருக்கு மேல் பெறுமான பரிசை அவர்கள் வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.)

"இந்தத் தடவை வீட்டிலேயே ஏதாவது பண்ணிக் கொடுக்கலாம்" என்றேன். ஒன்பது வயசு மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் கார்டு குடுப்பாங்க. நாம மட்டும் பருப்பா?" என்றவள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அப்பா, நாம ஏழையாயிட்டோமா?" என்றாள்.

வேலை போனதை நாங்கள் அவளிடம் சொல்லவே இல்லை. பகலில் அப்பா வீட்டிலேயே இருப்பதை அவள் கவனிக்க மாட்டாள் என்று எப்படித்தான் நினைத்தோமோ! "ஏழை இல்லடா. அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, வேற தேடிட்டு இருக்கேன். கிடைக்கிற வரைக்கும் எண்ணி எண்ணிச் செலவு பண்ணணும்" என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ ஷீட்டை எட்டிப் பார்த்து, "ஒரு ஜாடிக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். ஜாடி, சாமான், ரிப்பன் எல்லாம் சேர்த்து சுமார் 4 டாலர். பேப்பரில் கழித்துப் பார்த்து, "294 டாலர் மிச்சம்" என்றாள். அன்றிலிருந்து இது அவளுடைய புராஜெக்ட்.

என்ன செய்வது என்பதில்தான் சண்டை. அம்மா பருப்புப்பொடி என்றார். சூடான சாதமும் நெய்யும் இல்லாத வீட்டில் பருப்புப்பொடியை வைத்து என்ன பண்ணுவார்கள்? இட்லிப்பொடியில் எள் இருக்கிறது. 2023-லிருந்து அமெரிக்காவில் லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்பது அலர்ஜிப் பொருட்களில் எள்ளும் ஒன்று. வீட்டில் செய்து சும்மா கொடுக்கும் ஜாடிக்கு யாரும் சட்டம் பேச மாட்டார்கள்தான், ஆனால் அலர்ஜி சட்டம் பார்த்து வருவதில்லையே. கடைசியில் வெண்பொங்கல் என்று முடிவானது. அரிசி, பருப்பு, மிளகு, சீரகம் எல்லாமே அவர்களுக்குத் தெரிந்த சாமான்கள். இன்ஸ்டன்ட் பாட் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறது. பெருங்காயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். வாசனைக்குப் பயந்து இல்லை, கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பியானோ டீச்சருக்கு கோதுமை ஆகாது.

16 அவுன்ஸ் மேசன் ஜாடி ஒன்றுக்குக் கணக்கு இது: சோனா மசூரி அரிசி 1 கப், வறுத்த பாசிப்பருப்பு அரை கப். மேலே மிளகு 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், கறிவேப்பிலை, முந்திரி. "எல்லாம் ஒரு கண்ணளவுதான்" என்று சொல்லும் அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவர் கைப்பிடியை எல்லாம் ஸ்பூனால் அளந்து எடுத்தேன். உங்க அம்மாவிடமும் இதைச் செய்துவிடுங்கள், சும்மாவாவது.

பாசிப்பருப்பை வாசம் வரும்வரை மிதமான தீயில் வறுக்க வேண்டும். அதைவிட முக்கியம் ஆற விடுவது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பருப்புப்பொடியை வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடிவிட்டேன். மூடிக்குள் முத்து முத்தாகத் தண்ணி கோர்த்து, பத்தே நாளில் பூசணம். இப்போது தட்டில் பரப்பி மூன்று மணி நேரம் தொடுவதில்லை. கறிவேப்பிலையும் அப்படியே. ஈரம் ஒட்டத் துடைத்து, 200 டிகிரி ஃபாரன்ஹீட் அவனில் கையில் எடுத்தால் நொறுங்கும் வரை காய வைக்க வேண்டும். ஜாடியையும் கழுவி முந்தின நாளே கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

முந்திரி விஷயத்தில் கவனம். மகள் வகுப்பில் ஒரு பையனுக்கு நட் அலர்ஜி. அதனால் முந்திரி இல்லாத ஜாடிகளை முதலில் போட்டு முடித்துவிட்டுத்தான் முந்திரிப் பாக்கெட்டையே பிரித்தோம். அப்படியும் "முந்திரி புழங்கும் சமையலறையில் செய்தது" என்று லேபிளில் எழுதச் சொன்னேன். வீட்டில் செய்த உணவை வாங்கலாமா என்று ஸ்கூலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

முதல் ஜாடி பார்க்க அவ்வளவு அழகு! வெள்ளை, மஞ்சள், கறுப்பு, பச்சை என்று அடுக்கடுக்காக இருந்தது. ஆனால் எங்கள் தொழிலில் டெஸ்ட் பண்ணாமல் எதையும் வெளியே விடக் கூடாது. அடுப்புப் பக்கமே போகாத என் அப்பாவிடம் ஜாடியையும் மகள் எழுதிய கார்டையும் கொடுத்து, "நீங்களே படிச்சு செய்யுங்க தாத்தா" என்றாள். பாட்டி வாயைத் திறக்கக் கூடாது என்பது கண்டிஷன். தாத்தா கார்டை இரண்டு தடவை படித்தார். 'முதலில் கழுவவும்' என்று இருந்தது. ஜாடியை அப்படியே கவிழ்த்துக் கழுவினார். சீரகமும் சுக்கும் கறிவேப்பிலையும் சிங்க்கோடு போயின. பாட்டி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாத்தா மேல் தப்பே இல்லை, கார்டு மேல்தான் தப்பு. இரண்டாம் வெர்ஷனில் அரிசியும் பருப்பும் மட்டும் ஜாடியில். முந்திரி ஒரு குட்டி ஜிப் பையில், மிளகு வகையறா இன்னொரு பையில். இரண்டிலும் 1, 2 என்று நம்பர். கார்டு இப்படி: அரிசி, பருப்பைக் கழுவி 6 கப் தண்ணீர், ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்டு ஹை பிரஷரில் 12 நிமிடம், பிரஷர் தானாக அடங்கும்வரை காத்திருக்கவும். 3 டேபிள்ஸ்பூன் நெய்யில் 1-ஆம் பை சிவந்ததும் 2-ஆம் பையைப் போட்டு, பொரிந்ததும் கொட்டிக் கிளறவும். தளர இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஆறினால் இறுகும். அடுக்கு அழகு போய்விட்டதில் மகளுக்கு இன்னும் வருத்தம். மூடியில் சிவப்பு ரிப்பன் கட்டி ஈடு செய்துகொண்டாள்.

லீவுக்கு முந்தின வாரம் 14 ஜாடியும் போய்ச் சேர்ந்தன. பஸ் டிரைவரிடம் கொடுக்கும்போது அவள் கூச்சத்தில் கார்டை முகத்தைப் பார்க்காமலே நீட்டினாளாம். எல்லாரும் சமைத்தார்களா என்று தெரியாது. கோச்சின் ஜாடி அலமாரியிலேயே இருக்கலாம், இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறோம், முந்திரி சிக்கு வாடை அடித்துவிடும்.

ஜனவரியில் இரண்டு ஜாடி திரும்பி வந்தன. பக்கத்து வீட்டு ஜாடி நிறைய குக்கீஸ். பஸ் டிரைவருடையது பளபளவென்று கழுவி, காலியாக. "பாத்திரத்தை வெறுமையா திருப்பித் தரலாமா?" என்றார் அம்மா. அதற்குள் மகள் ஜாடியின் அடியில் ஒட்டியிருந்த குட்டி மஞ்சள் சீட்டைப் பிரித்துவிட்டாள். இரண்டே வரி: வீட்டில் நாலு பேர், ஒரு ஜாடி பத்தவில்லை. இன்னொன்று விலைக்குக் கிடைக்குமா?

வியாழக்கிழமை எனக்கு இன்டர்வியூ. அதற்கு முன்னால் பருப்பு வறுக்கணும்.