சின்னக் குறைன்னு ஒண்ணு கிடையாது

புதுசா மடிக்கணினி வாங்கினவங்க எழுதுற முதல் அனுபவம் எல்லாத்துக்கும் ஒரே ஜாதகம்தான். முதல்ல பெட்டியைப் பிரிச்ச கதை. அப்புறம் எடை, பளபளப்பு, திரை. பேட்டரி எட்டு மணி நேரம் வருதுன்னு ஒரு சந்தோஷம். கடைசியில, விருந்து முடிஞ்சு மோர் ஊத்துற மாதிரி ஒரு வரி: "மத்தபடி சின்னச் சின்னக் குறைகள் ரெண்டு மூணு இருக்கு, பெரிசா ஒண்ணும் இல்லை."

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன்ங்கிற ஒரே காரணத்துக்காக, சொந்தத்துல யார் கணினி வாங்கினாலும் என்கிட்டதான் கேப்பாங்க. (என்னமோ நானே உட்கார்ந்து ஃபேக்டரியில ஸ்க்ரூ முடுக்கின மாதிரி.) அதனால இந்த மாதிரி அனுபவங்களை நிறையப் படிக்க வேண்டியிருக்கு. படிச்சுப் படிச்சு நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: மேல இருக்குற புகழ்ச்சி முழுசையும் தாண்டிடலாம். அந்தக் கடைசி வரியை மட்டும் ரெண்டு தடவை படிக்கணும்.

ஏன்னு சொல்றேன். முதல் பத்து நாள்ல எந்தப் பொட்டியும் வேகமாத்தான் ஓடும். டிஸ்க் காலி, பேட்டரி புதுசு, தூசி இல்லை. போதாக்குறைக்கு அறுபதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தவன் அதை மட்டம்னு சொல்ல மனசு வருமா? ஆக, நல்லதைச் சொல்ல முதல் பத்து நாள் ரொம்ப மோசமான நேரம். ஆனா குறையைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ரெண்டு மாசம் போனா நமக்குப் பழகிடும். வலது ஓரத்துல அமுங்காத பட்டனை விரல் தானா சுத்திக்கிட்டுப் போகக் கத்துக்கும். குறை அங்கேயேதான் இருக்கும், நம்ம கண்ணுக்குத்தான் மறைஞ்சிருக்கும்.

இதுக்கு ஊரறிஞ்ச உதாரணம் ஒண்ணு உண்டு. 2015-ல் ஆப்பிள் 12 அங்குல மேக்புக்கைக் கொண்டு வந்தாங்க. எடை ஒரு கிலோவுக்கும் கம்மி. அவ்வளவு ஒல்லியாக்கணும்னு 'பட்டர்ஃப்ளை'ன்னு ஒரு புது விசை அமைப்பு செஞ்சாங்க. பழைய கத்தரி அமைப்பைவிட 40 சதவீதம் ஒல்லின்னு அவங்களே பெருமையா சொன்னாங்க. வாங்கினவங்க முதல்ல சொன்ன குறை என்ன? "விசை ஆழமா அமுங்கலை, சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, பழகிடும்." அவ்வளவுதான். 2016-ல் அதே குடும்பத்து விசைப்பலகை மேக்புக் ப்ரோவுக்கும் வந்துச்சு.

பிறகுதான் வேடிக்கை. சில விசைகள் ரெண்டு தடவை விழ ஆரம்பிச்சது, சிலது விழவே இல்லை, சிலது ஒட்டிக்கிச்சு. ஒரு துணுக்குத் தூசி உள்ளே போனாலே போதும்னு புகார்கள் வந்தன. 2017-ல் கேசி ஜான்ஸ்டன்ங்கிற பத்திரிகையாளர் இதைப் பத்தி எழுதின கட்டுரை பெரிய அளவுல பேசப்பட்டது. 2018 ஜூன்ல ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிச்சாங்க. அப்பவும் அவங்க சொன்னது, சிறு சதவீத விசைப்பலகைகள்லதான் பிரச்சினைன்னு. 2019 மார்ச்ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல ஜோன்னா ஸ்டெர்ன், தன் மேக்புக்ல சரியா விழாத எழுத்துகளை விட்டுட்டே ஒரு கட்டுரை எழுதி மானத்தை வாங்கினாங்க. கடைசியா 2019 நவம்பர்ல வந்த 16 அங்குல மாடல்ல பழைய கத்தரி அமைப்புக்கே திரும்பினாங்க. 2022-ல் அமெரிக்க வழக்கு ஒண்ணை முடிக்க 5 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டாங்க, தப்பு எதையும் ஒத்துக்காமலேயே. அந்தப் பணமும் அமெரிக்காவுல ஏழு மாநிலத்துல வாங்கினவங்களுக்கு மட்டும்தான். சென்னையில வாங்கினவனுக்குப் பட்டை நாமம்.

கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த விசைப்பலகை மேல் உடம்போட ரிவெட் அடிச்சு இணைச்சது, பேட்டரியும் அதோட ஒட்டினது. ஒரு 'இ' விழலைன்னா மேல்பாதியையே மாத்தணும். விசையோட விலை அற்பம், அதுக்குப் பிடிக்கிற வைத்தியத்தோட விலைதான் யானை.

நம்ம கதைக்கு வருவோம். இந்த மாதிரி விசை ரெண்டு தடவை விழுற வியாதி ஆங்கிலத்துல எழுதுறவனைவிடத் தமிழ்ல தட்டுறவனை ஜாஸ்தி படுத்தும். ஆங்கிலத்துல ஒரு எழுத்து கூட விழுந்தா அடியில சிவப்புக் கோடு வந்துடும். அஞ்சல் முறையில தமிழ் அடிச்சுப் பாருங்க. ஆங்கில 'ஏ' ஒரு தடவை கூட விழுந்தா குறில் நெடிலாயிடும். கல் காலாகும், படம் பாடமாகும், மனம் மானமாகும். எல்லாமே சரியான தமிழ் வார்த்தைங்க, எந்த திருத்தியும் பிடிக்காது. தமிழ்99 ஆட்கள் சிரிக்க வேண்டாம். அங்கே ஒரே மெய் ரெண்டு தடவை விழுந்தா நடுவுல புள்ளி தானா வந்து உட்காரும். 'அதை நாளைக்கு அனுப்புறேன்'னு மேனேஜருக்கு அடிச்சா 'அத்தை நாளைக்கு அனுப்புறேன்'னு போகும் :)

இப்ப சொல்லுங்க, ஒரு விசை சரியா விழலைங்கிறது சின்னக் குறையா?

எங்க தொழில்ல இதுக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கு. ஒரு பக் பதிவு பண்ணும்போது தீவிரம் வேற, முன்னுரிமை வேற. பார்க்க அற்பமா இருக்குற பிழை, ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை வந்தா அது அற்பம் இல்லை. கடையிலும் சர்வீஸ் சென்டர்லயும் தீவிரத்தை மட்டும்தான் பார்ப்பாங்க. "சார், ஆன் ஆகுதுல்ல?" முடிஞ்சது. நாம பார்க்க வேண்டியது மூணு கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குறுக்கே வரும்? சாஃப்ட்வேர்ல சரியாகுமா, ஸ்க்ரூட்ரைவர்ல சரியாகுமா, இல்லை என்ன செஞ்சாலும் ஆகாதா? திருப்பிக் கொடுக்க இன்னும் எத்தனை நாள் இருக்கு?

இந்த வடிகட்டியில போட்டா நிறைய விஷயம் தலைகீழாகும். 512 ஜிபின்னு சொல்லிட்டு விண்டோஸ்ல 476 தான் காட்டுதுன்னு குதிப்பாங்க. அது குறையே இல்லை. டிஸ்க் செய்யுறவன் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபின்னு எண்ணுறான், விண்டோஸ் 1024-ஐ மூணு தடவை பெருக்கி எண்ணுது. முதல் ரெண்டு நாள் ஃபேன் கத்துது, சூடாகுதுன்னா பயப்படாதீங்க. பின்னாடி அப்டேட் இறங்கிக்கிட்டு, கோப்புகளை அட்டவணை போட்டுக்கிட்டு இருக்கும். மூணாவது நாளும் சும்மா இருக்கும்போதே கத்தினா அப்ப கேளுங்க. டச்பேட் ரொம்ப வேகம், வண்டி வண்டியா தேவையில்லாத மென்பொருள்... இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை.

இரண்டாவது வகை, ஸ்க்ரூட்ரைவர். மெமரியும் டிஸ்க்கும் கழட்டி மாத்துற மாதிரி இருந்தா 8 ஜிபி போதலைங்கிறது இன்னிக்குக் குறை, அடுத்த போனஸ்ல சரி. அதே மெமரி போர்டோட பற்றவைச்சிருந்தா அது ஆயுள் தண்டனை. வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய முதல் வரி அதுதான். 2021-ல் வந்த ஃப்ரேம்வொர்க் மாதிரி, விசைப்பலகையை உரிமையாளரே கழட்டி மாத்துற கணினிகளும் உலகத்துல இருக்கத்தான் செய்யுது. அதனால 'ஒல்லியா வேணும்னா இப்படித்தான்'ங்கிற வாதத்தை அப்படியே முழுங்க வேண்டாம்.

மூணாவது வகைதான் எமன். மங்கலான திரை, தப்பான இடத்துல இருக்குற பவர் பட்டன், டெலிட் விசைக்குப் பக்கத்துலயே. பாதி உயரத்துக்கு நசுங்கின அம்புக்குறிகள். இதெல்லாம் வாங்கின நாள்லருந்து விக்கிற நாள் வரைக்கும் கூடவே வரும்.

"குறையில்லாத பொருள் உலகத்துல உண்டா? இப்படி நோண்டிக்கிட்டே இருந்தா எதையுமே வாங்க முடியாது"ன்னு ஒரு கட்சி இருக்கு. அவங்க சொல்றதுல பாதி உண்மை. விலைக்கு ஏத்த சமரசம் எல்லாத்துலயும் உண்டு. நாப்பதாயிரத்துக்கு வாங்கிட்டு ஓலெட் திரை இல்லையேன்னு அழக் கூடாது. ஆனா நோண்டினவங்களாலதான் அடுத்தவனுக்கு நல்ல பொட்டி கிடைச்சிருக்கு. 2013-ல் லெனோவோ திங்க்பேட் டி440-ல் சிவப்புக் குமிழுக்கான தனி பட்டன்களை எடுத்தாங்க. பயனர்கள் விடாம புலம்பினாங்க. 2015-ல் டி450-ல் பட்டன்கள் திரும்பி வந்துச்சு. டெல் எக்ஸ்பிஎஸ் 13-ல் 2015-ல் கேமராவைத் திரைக்குக் கீழே வெச்சாங்க. எதிர்ல இருக்குறவனுக்கு நம்ம மூக்கு ஓட்டைதான் தெரியும். அதையே எல்லாரும் சொல்லிச் சொல்லி, 2019 மாடல்ல 2.25 மில்லிமீட்டர் கேமரா ஒண்ணு செஞ்சு மேலே ஏத்தினாங்க. மேக்புக் ப்ரோவுல 2016-ல் எஸ்கேப் விசை டச் பாருக்குள்ள காணாமப் போச்சு. 'விம்' எடிட்டர் பயன்படுத்துற எங்காளுங்க போட்ட கூச்சல் கொஞ்ச நஞ்சமில்லை. 2019-ல் நிஜமான எஸ்கேப் விசை திரும்ப வந்துச்சு. இதுல எது பெரிய குறை? ஒண்ணுமே இல்லை. எல்லாம் 'சின்ன'க் குறைதான்.

எங்க வீட்டுலயே ஒரு கணக்கு நடந்துச்சு. சித்தப்பா பொண்ணு இன்ஜினியரிங் சேர்ந்தா. சித்தப்பா சொசைட்டியில லோன் போட்டு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். கம்பெனி பேர் வேண்டாம். மூணாவது நாளே ஸ்பேஸ்பாரோட இடது பக்கம் அழுத்தினா சில நேரம் விழலை. கடையில கேட்டா, "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும், பழகிடும்"னு அனுப்பிட்டாங்க. அவளும் நம்பி வந்துட்டா. அப்பாவோட கடன்ல வாங்கின பொருளை ரெண்டாவது தடவை குறை சொல்லக் கூச்சம். விஷயம் என் காதுக்கு வந்தது இருபதாவது நாள். மாத்திக் கொடுக்குற கெடு முடிஞ்சு போச்சு, வாரண்டி மட்டும்தான் பாக்கி. சர்வீஸ் சென்டர்ல பாகம் வரணும்னு மூணு வாரம் வெச்சுக்கிட்டாங்க. நடுவுல அவளுக்கு லேப் எக்ஸாம், தோழியோட பொட்டியை ராத்திரி பதினோரு மணிக்கு மேல கடன் வாங்கிப் படிச்சா.

பாகம் இலவசம்தான். ஆனா மூணு வாரம்? கடைக்காரர் வாயில 'சின்னக் குறை'யா இருந்தது, அவ கையில வரும்போது என்ன ஆச்சு பாருங்க. இந்தப் பதிவு நீளத்துக்கு ஒண்ணு தட்டினாலே ஸ்பேஸ்பாரை மட்டும் ஆயிரம் தடவைக்கு மேல அழுத்தணும். எந்தக் குறையும் யார் தலையில விழுதுங்கிறதைப் பொறுத்துதான் சின்னது பெரிசு.

சட்டமும் நம்ம பக்கம்தான். 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 'குறைபாடு'ங்கிறதுக்குக் கொடுத்திருக்குற விளக்கம், இருக்க வேண்டிய தரத்துல எந்தப் பிழையோ பற்றாக்குறையோ இருந்தாலும் அது குறைபாடுன்னுதான் போகுது. சின்னதுன்னா விட்டுடுன்னு அதுல இல்லை. கடையில மழுப்பினா 1915-ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. அது வரைக்கும் போகாம இருக்கணும்னா முதல் வாரமே எழுத்துல புகார் கொடுங்க. வாய்ப்பேச்சு நிக்காது. விசை விழாததை போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கங்க. பில்லுல மாத்துற கெடு எத்தனை நாள்னு பார்த்து காலண்டர்ல குறிச்சுக்கங்க.

முதல் வாரத்துல ஒரு முழு நாள் அதுலயே வேலை செய்யுங்க. ஒவ்வொரு விசையையும் நாலு மூலையிலும் அழுத்திப் பாருங்க. திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு மாத்தி மாத்திப் போட்டு செத்த புள்ளி இருக்கான்னு பாருங்க. ஒரு ஃபுல் எச்டி திரையில இருக்குறது 20,73,600 புள்ளி, அதுல ஒண்ணு ரெண்டு செத்திருந்தா பல கம்பெனிங்க மாத்தித் தர மாட்டாங்க. அதனால கெடுவுக்குள்ள கடையில கொடுத்து மாத்துறதுதான் வழி. ராத்திரி அமைதியா இருக்கும்போது காதை வெச்சுக் கேளுங்க, சார்ஜர் போட்டா கீச்சுனு சத்தம் வருதான்னு. ஒரு விரலால மூடியைத் திறந்து பாருங்க.

நம்ம மக்கள்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை புதுப் பொட்டியைப் பத்தி எழுதும்போது, எத்தனை நாள் பயன்படுத்தினீங்கன்னு முதல் வரியில சொல்லுங்க. குறையைக் கடைசிக்குத் தள்ளாதீங்க. 'சின்ன'ன்னு அடைமொழி போடாம, என்ன நடக்குது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்குதுன்னு மட்டும் எழுதுங்க. சின்னதா பெரிசான்னு படிக்கிறவன் முடிவு பண்ணிக்குவான். அவன்தானே அடுத்து காசு கொடுக்கப் போறவன்.

டிஸ்கி: இதைத் தட்டின பொட்டியில வலது ஷிஃப்ட் அரை விரல் அகலம்தான். கெடுவுக்குள்ள மாத்தலாமான்னு யோசிச்சுப் பார்த்தேன். நான் தமிழ்99 ஆள், வலது ஷிஃப்ட்டை மாசத்துக்கு ரெண்டு தடவை தொட்டா ஜாஸ்தி. எனக்கு அது குறையே இல்லை. உங்களுக்கு எப்படின்னு நீங்கதான் சொல்லணும் :)