இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

கற்கைநெறி மீளாய்வுக் குழு வருகிறது என்றால் பீடத்தில் முதலில் தட்டுப்பாடாவது கோவை மட்டைதான். கூட்டக் குறிப்பு, மாணவர் பின்னூட்டப் படிவம், இரண்டாம் பரீட்சகரின் அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் ஒட்டி அடுக்குவார்கள். 2021 ஓகஸ்ட் முதல் தனித்து இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களுக்கும் இது பழகிய பாடு. இதை, நிபுணரின் அறிவை விதிகளாக எழுதி வைத்து முடிவு சொல்லும் கணினி நிரலான நிபுணர் முறைமை ஒன்றிடம் விட்டால் என்ன?

பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015ஆம் ஆண்டுக் கைந்நூல் எட்டு அளவுகோல்களைத் தருகிறது. அவற்றுள் அடங்கும் ஒவ்வொரு நியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. நிறையிட்டுக் கூட்டினால் மொத்தம் 1000. ‘ஏ’ தரத்துக்கு 80 சதவீதம் எடுத்தால் மட்டும் போதாது, எட்டிலும் குறைந்தபட்சப் புள்ளியைத் தாண்டவும் வேண்டும். இவ்வளவும் ‘இப்படியானால் அப்படி’ என்ற விதிகள்தாம். சாதாரண விரிதாளே கணக்கை முடித்துவிடும்.

சிக்கல் அதற்கு முந்திய படியில் இருக்கிறது. பாடத்திட்டம் வகுக்கையில் வெளியாரைக் கலந்து பேசினீர்களா என்பது ஒரு கேள்வி. இரணைமடுக் கமக்காரர் ஒருவர் வரம்பில் நின்றபடி சிறுபோகத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றி விரிவுரையாளரிடம் சொன்னது, அடுத்த ஆண்டு நீர் முகாமைத்துவப் பாடத்தில் ஓர் அலகாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கூட்டக் குறிப்பும் இல்லை, கையொப்பத் தாளும் இல்லை. கணினி 0 போடும். நட்சத்திர விடுதியில் கூட்டம் வைத்து, தேநீர் கொடுத்து, கையொப்பம் வாங்கிய பீடத்துக்கு 3 கிடைக்கும்! அனுபவமுள்ள மீளாய்வாளர் பாடக்கோவையைப் புரட்டி, மாணவரிடம் இரண்டு கேள்வி கேட்டு, 2 கொடுப்பதா 3 கொடுப்பதா என்று முடிவு செய்வார். அவர் கேட்கும் அந்த இரண்டு கேள்விகளைத்தான் விதியாக எழுத வேண்டும். அவை எந்தக் கைந்நூலிலும் இல்லை.

1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் என்ற நிபுணர் முறைமை, ஏறத்தாழ 600 விதிகளை வைத்துக்கொண்டு இரத்தத் தொற்றுக்கு மருந்து சொன்னது. மருத்துவர் “ஏன்?” என்று கேட்டால் தான் பயன்படுத்திய விதியையே எடுத்துக் காட்டியது. நமக்கு வேண்டியது அந்தக் குணம். புள்ளி குறைந்த பீடத்துக்கு எந்தச் சான்று போதவில்லை என்பது தெரிய வேண்டும்.

இயந்திரம் வந்தால் பாரபட்சம் ஒழியும் என்பவர்கள் இந்தியாவையும் ஒருமுறை பார்க்கலாம். அங்கே உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் (NAAC) அமைப்பு 2017இல் மதிப்பீட்டின் பெரும்பங்கைத் தரவுகளுக்கு மாற்றியது. ஆனாலும் 2025 பெப்ரவரியில் நேரடி ஆய்வுக் குழுவினர் சிலரை இலஞ்ச வழக்கில் மத்திய புலனாய்வு அமைப்பான சிபிஐ கைது செய்தது.

ஆகவே இந்த முறைமை தீர்ப்பு வழங்கும் இடத்தில் அமரக்கூடாது. உள்ளகத் தர உறுதிப்பாட்டு அலகின் மேசையில், சுய மதிப்பீட்டு அறிக்கை எழுதத் தொடங்கும்போதே அது இருக்கட்டும். எட்டு அளவுகோல்களையும் ஒருசேரத் தொடத் தேவையில்லை. விதிகள் பெரும்பாலும் எழுத்தில் இருக்கும் மாணவர் மதிப்பீட்டு அளவுகோலோடு தொடங்கலாம். மீளாய்வுக்குப் போய்வந்த மூத்த விரிவுரையாளர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். ஓய்வு பெறுமுன் அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுத ஒரு தவணை விடுமுறை போதும்.