தீவுக்குப் போகும் வேன்

முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்படுகிற காலம் நெருங்கும்போது, ராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்று சேர்ந்து, ஒரு வேனை வாடகைக்குப் பேசி, குண்டானும் அன்னக்கூடையும் கேஸ் அடுப்பும் பாயும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு, வேளாங்கண்ணிக்கோ குற்றாலத்துக்கோ ஒகேனக்கலுக்கோ புறப்பட்டுப் போவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. வழியில் நிழலும் தண்ணீரும் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திச் சமைத்து உண்டு, இரவானால் கோயில் மண்டபத்திலோ, மாதா கோயில் வளாகத்திலோ, கடற்கரை மணலிலோ படுத்தெழுந்து, மறுநாள் மேலே செல்கிற இந்தச் சஞ்சாரத்தைத்தான், இப்பொழுது கூடாரமும் தொங்குவிளக்கும் சேர்த்து, ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வைத்து நமக்கே விற்கிறார்கள். விற்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் இந்தக் கலையில் வட சென்னைக்காரர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர் என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்வது நல்லது.

இந்த வேன் பிரயாணிகளின் கண் இப்போது இலங்கையின் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. 2018-ல் 23 லட்சத்துக்கு மேற்பட்ட அயல்நாட்டவரைக் கண்ட அத்தீவு, 2019 ஈஸ்டர் ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளாலும், அடுத்து வந்த கொள்ளைநோயாலும், பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியாலும் அடியோடு துவண்டு, பின்னர் 2023-ல் சுமார் 15 லட்சம், 2024-ல் 20 லட்சத்துக்கு மேல் என்று படிப்படியாக எழுந்திருக்கிறது. வருகிறவர்களில் முதலிடம் இந்தியர்களுக்கே. நம் போன்ற நடுத்தர, உழைப்பாளிக் குடும்பங்கள் அந்நாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு உகந்த முறை வேனும் அடுப்பும் கூடாரமும்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். அம்முறைக்கு இன்றியமையாத இரண்டு சௌகரியங்களை, அதாவது வண்டியை ஏற்றிச் செல்லும் கப்பலையும், வண்டியை நிறுத்திச் சமைத்துப் படுப்பதற்குரிய பொது இடத்தையும், இரு கரை அரசாங்கங்களும் இதுவரை மனத்திலேயே கொள்ளவில்லை என்பதுதான் என் குறை.

கப்பலை முதலில் பார்ப்போம். 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரையில், எழும்பூரில் போட் மெயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறித் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு போய்ச் சேர்ந்தார். புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பின்னும், இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் கலவரமும் யுத்தமும் அதையும் நிறுத்தின. நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விடப்பட்டு, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிற்று. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அக்கரை போய்விடலாம். ஆனால் அக்கப்பலில் மனிதர் ஏறலாம், மூட்டை ஏறலாம், வண்டி ஏற முடியாது. திருவொற்றியூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி நாகப்பட்டினம் சேர்ந்த வேன், சமையல் சாமான்களோடும் தார்ப்பாயோடும் துறைமுக வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். கேஸ் சிலிண்டரைப் பற்றியோ பேச்சே இல்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நம் எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்தில், சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் செய்யப்பட்ட கார்கள், ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு கப்பலின் வயிற்றுக்குள் புகுந்து, கடல் கடந்து போய்க்கொண்டே இருக்கின்றன. விற்பனைக்குப் போகும் காருக்குத் திறக்கிற அந்தக் கதவு, உள்ளே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தால் மட்டும் திறக்க மறுப்பதற்கு இயந்திர நூலில் காரணம் எதுவும் கிடையாது. சுங்க இலாகாவின் கவலை நியாயமானதே. அதைத் தீர்ப்பதற்கென்றே, போன வண்டி திரும்பி வரும் என்பதற்கு உறுதி கூறும் கார்னே என்ற பத்திரம் உலகெங்கும் நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது; இலங்கையும் அதை ஏற்கிற நாடுதான். வண்டி ஏற்றும் கப்பல் வரும்வரையில், அக்கரையில் வேறு வேன் அமர்த்திக்கொள்வதே வழி. தாமே ஓட்ட விரும்புகிறவர்கள் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓராண்டு செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்று, அதற்கு அந்நாட்டின் அங்கீகாரத்தையும் வாங்க வேண்டும். அங்கும் இடப்புறமாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பது ஒரு நிம்மதி.

எப்போது போவது, எவ்வழியாகப் போவது என்பதைத் தீர்மானிக்க நம் காசிமேட்டுக்காரர்களுக்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுக் கிடக்கும் அந்தக் காலத்தில்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது, கையில் காசு குறைவாகவும் பொழுது நிறையவும் இருக்கிறது. தீவின் மேற்கிலும் தெற்கிலும் தென்மேற்குப் பருவமழை இறங்குகிற அம்மாதங்களில், கிழக்குக் கரை மட்டும் தெளிந்து கிடக்கும். ஆகவே யாழ்ப்பாணத்தில் தொடங்கி, ஏ-9 சாலையில் ஆனையிறவு கடந்து வவுனியா வரை இறங்கி, கிழக்கே திரும்பித் திருகோணமலை, பாசிக்குடா, மட்டக்களப்பு, அறுகம் குடா என்று கரையோரமாகவே செல்வது தடைக்காலத்துக்குப் பொருந்திய சுற்று. ஐப்பசி, கார்த்திகையில் அதே கரை வேறு முகம் காட்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளைச் சரித்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டு, பிறகு நம் கரைக்கருகிலும் வந்து தங்கி எண்ணூரை மழையில் மூழ்கடித்ததை இங்குள்ளவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கூடாரம் அடிக்கிறவர், சாலையை விட்டு இறங்குமுன் இரண்டு விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். முகமாலை, கிளிநொச்சி வட்டாரங்களில் யுத்த காலக் கண்ணிவெடிகளை அகற்றும் வேலை நெடுநாள் நடந்து வந்திருக்கிறது. சிவப்புப் பலகையும் மண்டையோடும் கண்ட இடத்தில், மர நிழல் எவ்வளவு குளிர்ச்சியாயிருந்தாலும் கால் வைக்கலாகாது. மற்றது யானை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் மனிதருக்கும் யானைக்கும் நேர்ந்த மோதலில் 400-க்கு மேற்பட்ட யானைகளும் 150-க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்ட நாடு அது. சோற்று வாசனைக்கும் உப்பு வாசனைக்கும் யானை வரும். வில்பத்து, யால, உடவளவை முதலிய காடுகளில் வனசீவராசிகள் திணைக்களத்தார் குறித்துக் கொடுக்கும் இடங்களில் முன்பதிவு செய்து தங்குவதே விவேகம்.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம் வேறொன்று இருக்கிறது. நாம் ஆசைக்கு அடிக்கும் கூடாரத்தில், அந்த மண்ணுக்குரியவர்கள் வேறு போக்கிடமின்றி வாழ்ந்திருக்கிறார்கள். 2009-ல் யுத்தம் முடிந்தபோது சுமார் மூன்று லட்சம் தமிழர்கள் வவுனியாவுக்கருகே மெனிக் பாம் முதலிய முகாம்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டம்பரில். அவ்வளவு தூரம் போவானேன்? திருவொற்றியூரிலிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குள், கும்மிடிப்பூண்டியில், அத்தீவிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முகாமில்தான் ஜீவனம் நடத்துகின்றன. விடுமுறைத் திட்டம் போடுகிற நம் குடும்பத்தார், புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து, எந்த ஊர், எந்த வழி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவார்களானால், எந்தப் பயண நிறுவனமும் தர முடியாத வழிகாட்டுதலைப் பெறுவார்கள். அக்கரையிலும், ஒருவர் காணியில் தார்ப்பாய் விரிப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை மட்டுமல்ல, வழக்குக்கு அஞ்சிய முன்னெச்சரிக்கையுமாகும். போரில் பிடுங்கப்பட்டு இன்னும் திரும்பாத நிலத்தைப் பற்றி அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. நம்மில் மீனவர்களாயிருப்பவர்கள் இன்னும் சற்று அடக்கமாகவே இருக்க வேண்டியிருக்கும். 2017-ல் இலங்கை சட்டம் போட்டுத் தடுத்த இழுவை மடியை, தமிழகத்து விசைப்படகுகள் தங்கள் கடலில் இழுப்பதாக யாழ்ப்பாணத்து மீனவர்கள் சொல்லும் புகாரில் உண்மை இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் ஆகாது.

அதே சமயம், நம் ஊர்க்காரனோடு மனம்விட்டுப் பேசக்கூடிய கரையும் அங்கே இருக்கிறது. 2021-ல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கி, நீர்கொழும்புக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் குவிந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழியில் படகையும் வலையையும் கருப்பாக்கிற்று. ஒரே துக்கத்தை அனுபவித்த இரு மீனவர் சந்தித்தால் பேசுவதற்கு விஷயம் தேட வேண்டியதில்லை.

எண்ணூரும் ஒரு காலத்தில் விடுமுறை ஸ்தலமாக விளங்கியது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். 1806-ல் மதராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பிற்பாடு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியில் படகேறி, கடலும் கழியும் சேரும் அந்த மணல்திட்டுக்குக் கும்பினி உத்தியோகஸ்தர்களும் வர்த்தகர்களும் காற்று வாங்கப் போவார்கள். அங்கே தோட்ட வீடுகள் எழுப்பிக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு அந்தக் கரை பொழுதுபோக்கு. போனபின் அதைப் பற்றி அவர்களுக்கு வழக்கேதும் இருக்கவில்லை. 1970-ல் அனல்மின் நிலையமும், அதைத் தொடர்ந்து சாம்பலும் குழாய்களும் துறைமுகமும் வந்தபோது, கரையின் பேரில் பாத்தியதை கொண்டாடி முன்னே நின்றவர்கள் குப்பத்து மீனவர்கள் மாத்திரமே, அவர்கள் சொல்லோ அம்பலம் ஏறவில்லை. சிலர் மட்டும் வந்து அனுபவித்துவிட்டுப் போகிற கரைக்கு, ஆபத்து வரும்போது ஆதரவாளர் குறைவு. யுத்தத்துக்குப் பின் பாசிக்குடாவில் வரிசையாக ஹோட்டல்கள் எழுந்து, படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் சுருங்கிவிட்டதென்று அங்குள்ளவர்கள் முறையிடும்போது, எனக்கு எண்ணூர்தான் நினைவுக்கு வருகிறது.

2023 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அதில் செல்பவர் உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே. சில மணி நேரம் கரையிறங்கிப் படம் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். வேனில் போகிறவர்கள் அரிசியும் தேங்காயும் மீனும் வழிநெடுக வாங்கித்தான் ஆக வேண்டும். ஒரு ஹோட்டல் முதலாளிக்குப் போகும் தொகை இருபது பெட்டிக்கடைக்குப் பிரிந்து போகிறது. இக்காரணம் ஒன்றுக்காகவே, கூடாரப் பிரயாணிகளை வரவேற்று, கரையின் ஒவ்வொரு பெரிய ஊரிலும் தண்ணீர், கழிப்பறை, விளக்கு, காவல் இவற்றோடு ஒரு பொதுத் திடலை அமைப்பது இலங்கைக்கு லாபகரமான காரியமாயிருக்கும்.

அண்டை நாட்டுக்கு யோசனை சொல்லும் நாம் என்ன செய்திருக்கிறோம்? இராமேஸ்வர யாத்திரிகர்களுக்காக இராணி மங்கம்மாளும், 1802-ல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை எழுப்பிய இரண்டாம் சரபோஜியும் செய்ததைப் பிறகு வந்த அரசுகள் செய்யவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று வேன் ஏறித் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசிக்கத் திருவொற்றியூருக்கு வருமானால், வண்டியை நிறுத்தி உலை வைக்க நாம் காட்டும் இடம் எது? அதைவிடச் சங்கடமான சங்கதி, இந்தச் சாலையில் ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் சமைத்து, வண்டிக்கடியில் படுத்து வாழ்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். துறைமுகத்துக்குள் நுழையும் முறைக்காக எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்கள், டிரெய்லருக்கு அடியில் ஸ்டவ் மூட்டி, குழம்பு கொதிக்க வைத்து, கைகால் கழுவத் தண்ணீருக்குக் கடை கடையாய் அலைகிறார்கள். பல மாநிலத்தவரும் அவர்களில் உண்டு. பொதுத் திடல் என்ற ஒன்றை மாநகராட்சியும் துறைமுகத்தாரும் சேர்ந்து அமைப்பதானால், அதை முதலில் அமைக்க வேண்டிய இடம் அந்தச் சாலை. குழாயும் கழிப்பறையும் கூரையும் அவர்களுக்குக் கிடைத்தபின், ஒரு மூலையில் யாழ்ப்பாணத்து வேனுக்கும் இடம் ஒதுக்கலாம்.