பிரேக் பிடித்தால் வண்டி நடுங்குகிறதா?



நம்மில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது ஒரு சிறிய சரக்கு வண்டியை நம்பித்தான். 2005-இல் டாடா ஏஸ் வெளிவந்தது. 'குட்டி யானை' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அதன்பின் இவ்வகை வண்டிகள் தெருவுக்குத் தெரு பெருகின. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் சாலைகளில் உதிரிப்பாகங்கள் ஏற்றிய பிக்அப் வண்டிகளை நாள்தோறும் காணலாம். அவற்றை ஓட்டுவோரிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு: "பிரேக் மிதித்தால் வண்டி உதறுகிறது."

உடனே பட்டறைக்குச் சென்று, "டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்று" என்பதைக் கேட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். சில மாதங்களில் அதே நடுக்கம் திரும்புகிறது. ஏன்?

முதலில் நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டும். இவ்வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் இருக்கும். பிரேக் மிதிக்கையில் ஸ்டியரிங் ஆடினால் முன்பக்கத்தை ஐயுறுங்கள். இருக்கையும் உடற்பகுதியும் அதிர்ந்தால் பின்பக்கத்தை ஐயுறுங்கள். ஐயம் தீரவில்லையெனில், ஆளில்லாத, காய்ந்த, சமமான இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கைப்பிரேக்கை மெல்ல இழுங்கள். இவ்வகை வண்டிகளில் அது பொதுவாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அப்போதும் நடுக்கம் வந்தால் குறை டிரம்மில் இருக்கக்கூடும். பிரேக் மிதிக்காதபோதும் வண்டி அதிர்ந்தால் டயர், ரிம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றைப் பாருங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், ஈரச்சாலையில் திடீரென மிதிக்கும்போது காலில் துடிப்புத் தெரிவது குறையன்று. அது அக்கருவி வேலை செய்வதன் அடையாளம்.

இனி காரணத்துக்கு வருவோம். டிஸ்க் வளைவது அபூர்வம். பெரும்பாலும் நேர்வது, அதன் கனம் இடத்துக்கு இடம் மாறிவிடுவதே. டிஸ்க் அமரும் ஹப்பின் முகப்பில் சிறிது துருவோ மண்ணோ ஒட்டியிருந்தால், டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே பகுதி பேடில் உராயும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அப்பகுதி தேய்ந்து மெலியும். 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே காலில் துடிப்பாகத் தெரியக்கூடும். வீல் நட்டுகளை ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் முறுக்கினாலும் இதே விளைவுதான். ஆகவே ஹப்பைத் துடைக்காமல் புதிய டிஸ்க்கை மாட்டினால், புதியதும் பழையதன் வழியே செல்லும்.

வெள்ளமும் ஒரு காரணம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இவ்வாறு நாட்கணக்கில் நீரில் நின்ற வண்டியில், பேடு ஒட்டியிருந்த இடத்தில் டிஸ்க் துருவேறித் தழும்பாகிவிடும், டிரம்மிலும் அவ்வாறே.

பட்டறையில் இவ்வரிசையில் செய்யச் சொல்லுங்கள். முதலில் வீல் நட்டுகளையும் வீல் பேரிங்கின் ஆட்டத்தையும் பார்க்கட்டும். அடுத்து, காலிபர் பின்கள் தடையின்றி நகருகின்றனவா என்று பார்க்கட்டும். பிறகு டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கட்டும். பொதுவாக அது 0.1 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்து, மீண்டும் மாட்டி அளக்கட்டும். கனம் போதுமானால் லேத்தில் கடைசல் பிடிக்கலாம். குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் இருபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் அதற்கும் இதே முறைதான். அங்கே பார்க்க வேண்டியது மிகுதிபட்ச விட்டம். இறுதியில் நட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, டார்க் ரெஞ்சால் முறுக்கட்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கக்கூடும். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு.

வண்டி வைத்திருக்கும் சகோதரர்களே! வண்டியைத் தாமே ஓட்டாமல் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்போர் நம்மில் பலர். "வண்டி உதறுகிறது" என்று அவர் சொன்னால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிவிடாதீர்கள். தளர்ந்த நட்டும் தேய்ந்த பேரிங்கும் இதே நடுக்கத்தைத்தான் காட்டும். அவை சக்கரத்தையே கழற்றிவிடும். ஏற்றிய சரக்கு பிறருடைய அமானிதம். ஓட்டுநரின் உயிரும், சாலையைக் கடக்கும் குழந்தையின் உயிரும் அதைவிடப் பெரிய அமானிதங்கள். அவர் சொன்ன அன்றே சரக்கை இறக்கிவிட்டு வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.