கைகட்டாமல் நிற்பது

என் அப்பா நிற்கும் விதம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. திண்டிவனம் பக்கத்தில் எங்கள் காலனியிலிருந்து பாக்கிக் கூலி கேட்கப் போகும்போது சில நாள் என்னையும் கூட்டிப்போவார். பண்ணைக்காரர் வாசல் வந்ததும் தோள் துண்டு கக்கத்துக்குப் போய்விடும். இரண்டு கையும் மார்போடு கட்டிக்கொள்ளும். முதுகு வளைந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் கூலியைத் தானே கேட்க வந்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல நிற்பார். வீட்டுக்குத் திரும்பினால் அதே மனிதர் நிமிர்ந்துவிடுவார்.

முதுகலையில் பியர் பூர்தியுவைப் படித்தேன். ஏற்றத்தாழ்வு மனதில் மட்டும் இருப்பதில்லை, நாம் உட்காரும், நடக்கும், பேசும் விதத்திலேயே படிந்துவிடுகிறது என்றவர் அவர். அதற்கு 'ஹாபிட்டஸ்' என்று பெயர். தேர்வில் அந்தக் கேள்விக்கு நல்ல மதிப்பெண். ஆனால் அது என் முதுகிலும் இருக்கிறது என்று தெரியப் பல வருடங்கள் ஆயின.

தெரியவைத்தது ஒரு தாய்ச்சி வகுப்பு. கழுத்துவலி தாங்காமல் புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போனேன். ஏதாவது அடிமுறை சொல்லித்தருவார்கள் என்று நினைத்தால், ஆசிரியர் சும்மா நிற்கச் சொன்னார். சீன அகமுறைச் சண்டைக்கலைகளில் இதற்கு 'ஜான் ஜுவாங்' என்று பெயர். நட்ட கம்பம்போல நிற்பது. பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் லேசாக மடங்கி, பின்னால் இருக்கும் உயரமான முக்காலியில் பாதி உட்கார்ந்ததுபோல இடுப்பைத் தளர்த்தி, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்ததுபோலக் கைகளை நெஞ்சுக்கு நேரே வைக்க வேண்டும். மூச்சு அதன் போக்கில் போகும். பார்க்க ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடத்தில் தோள் எரிந்தது. நான்காவது நிமிடத்தில் தொடை வெடவெடத்தது.

ஆசிரியர் என் பின்னால் வந்து, தோள்பட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து, "இங்கே ஏன் இவ்வளவு குனிகிறீர்கள்?" என்றார். சுவரில் கண்ணாடி இருந்தது. பார்த்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவைப்போல நான் யார் வாசலிலும் கைகட்டி நின்றதில்லை. ஆனால் மனுவோடு அரசு அலுவலகங்களுக்குப் போகும்போது, எதிரே காலி நாற்காலி இருந்தும் நின்றபடியே எத்தனை முறை பேசியிருக்கிறேன்! சட்டப்பிரிவெல்லாம் சரியாகத்தான் சொல்வேன். கை மட்டும் தானாக முன்னால் வந்து கோத்துக்கொள்ளும்.

"நம்ம ஊர்ல சிலம்பம் இல்லையா, எதுக்கு சீனாக்காரன்?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். சிலம்பமும் பறையும் நம்முடையவை, விடப்போவதில்லை. '7ஆம் அறிவு' (2011) படத்தை நினைத்துக்கொண்டு, "போதிதர்மர் கொடுத்ததைத்தானே திரும்ப வாங்குறோம்" என்கிறார்கள் வேறு சிலர். போதிதர்மர் சண்டை கற்றுக்கொடுத்தார் என்ற கதை அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்துச் சீனத்தில் உருவானது. வரலாற்று ஆதாரம் கிடையாது. ஒரு நல்ல பயிற்சியை ஏற்றுக்கொள்ள அதற்கு ஒரு பல்லவ இளவரசன் வம்சாவளி வேண்டுமா என்ன?

எனக்குப் பிடித்த கதை வாங் ஷியாங்ஜாயுடையது (1885–1963). ஷிங்யீ என்ற கலையில் பெயர்பெற்ற குவோ யுன்ஷென்னிடம் கற்றவர். அடவுகளையெல்லாம் கழித்துவிட்டு, நிற்பதையே அடித்தளமாக வைத்து 'யிச்சுவான்' என்ற முறையை உருவாக்கினார். அதைவிட முக்கியம், குரு-சீடர் சடங்கு முறையையே ஒழிக்கலாம் என்று எழுதியவர் அவர். ஏகலைவன் கட்டைவிரலைக் குருதட்சிணையாகக் கேட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு விமர்சனம் கடுமையானது. தியானம், அமைதி என்று போனால் கோபம் மழுங்கிவிடும் என்பது. பாதி உண்மை. அநீதியைச் சகித்துக்கொள்ளக் கற்றுத்தரும் தியானக் கடைகள் நிறைய உண்டு. ஆனால் சாதி நம்மிடம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். 2021இல் நம் விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தலில் மூன்று பேர் பஞ்சாயத்தில் காலில் விழ வைக்கப்பட்டார்கள். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் நம் மக்கள் உள்ளே போய் நிற்பது பிரச்சினையாகி, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். உட்கார், விழு, வெளியே நில். மூன்றுமே உடம்புக்கு இடப்பட்ட கட்டளைகள். அப்படியிருக்க, நம் பயிற்சி முகாம்களில் காலை முதல் மாலை வரை சட்டமும் வரலாறும் மட்டும் நடத்திவிட்டு, உடம்பை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இது குறை என்றுதான் நினைக்கிறேன்.

என் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் ஒருத்தி உண்டு. எங்கள் காலனிப் பெண், துணிக்கடையில் வேலை. "அண்ணே, நான் காலைல ஒம்பதரைல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் தியானம்தான் பண்றேன். காசு குடுத்தா நிக்கிறீங்க?" என்றாள். பதில் சொல்ல வாயில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. அவள் கடையில் ஸ்டூல் இருக்கிறதாம், அதில் உட்கார்ந்தால்தான் பிரச்சினையாம். நான் இருபது நிமிடம் நிற்கிறேன் என்றால், இருபத்தோராவது நிமிடம் என் இஷ்டத்துக்கு உட்காரலாம். அவளுக்கு அது இல்லை. அதனால் இப்போது அந்தச் சட்டப் பிரிவை நகலெடுத்துத் துணிக்கடைப் பெண்களிடம் கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. நிற்பதைப் பற்றிப் பேசப் போய் ஸ்டூலுக்காக அலைகிறேன்.

நான் ஒன்றும் தேர்ந்தவனில்லை. கழுத்துவலி குறைந்திருக்கிறது, போகவில்லை. சென்ற மாதம் ஒரு பட்டா விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, சொல்லாமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அதிகாரி ஒரு நொடி பேனாவை நிறுத்திப் பார்த்தார். உள்ளுக்குள் தொடை வெடவெடத்தது, முதல் நாள் வகுப்பில்போலவே. பட்டா இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் படிப்பகத்தில் பிள்ளைகளோடு மூன்று நிமிடம் நிற்கிறோம். அதற்குமேல் அவர்கள் நிற்பதில்லை, சிரிப்பு வந்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் தோழர்கள் வரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்காமல் நின்றால் போதும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை.