சோதனை நடக்கும் வேளையில் கணினியைத் தொடலாமா?



பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். அவ்வேளை பார்த்து ஆன்டிவைரஸ் மென்பொருள் தன் சோதனையைத் தொடங்கிவிடும். கணினி தளர்நடை போடும். "அந்த ஸ்கேனை நிறுத்திவிடு, முதலில் வேலை முடியட்டும்" என்பார் தந்தை. "ஸ்கேன் முடியும்வரை கணினியைத் தொடாதே, வைரஸ் பரவிவிடும்" என்று தடுப்பார் சிற்றப்பா. இவ்விருவருள் யார் கூறுவது சரி? சோதனை எதற்காக நடக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். இத்திங்கள் அதனைச் சற்றே ஆராய்வோம்.

ஆன்டிவைரஸ் மென்பொருள் இருவகைப் பணி புரிகின்றது. முதலாவது, வாயிற்காவல். நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போதும், இணையத்திலிருந்து இறக்கும்போதும், பென்டிரைவிலிருந்து எடுக்கும்போதும் அது உடனுக்குடன் சோதிக்கப்படுகின்றது. இரண்டாவது, வீட்டுக்குள் சுற்றிவரும் சோதனை. ஏற்கெனவே உட்புகுந்த கேடு ஏதேனும் மூலை முடுக்குகளில் ஒளிந்துள்ளதா எனத் தேடுவது இது. இதையே ஸ்கேன் என்கிறோம். உள்ளே சோதனை நடக்கின்றது என்பதற்காக வாயிற்காவலர் தம் இடத்தைவிட்டு அகல்வதில்லை. ஆகவே, வழக்கமாக நடக்கும் ஸ்கேனின்போது நாம் பணிபுரிவதனால் மட்டும் வைரஸ் புகுந்துவிடாது. அவ்வச்சம் வேண்டா.

அவ்வாறாயின் கணினி தளர்வது ஏன்? ஓர் இல்லக் கணினியில் இலட்சக்கணக்கான கோப்புகள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் படித்து, அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பழைய கணினிகளிலுள்ள ஹார்டு டிஸ்க், நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டாகும். அதைப் படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வினாடி ஆகும். ஸ்கேன் ஒருபுறம் அழைக்க, நாம் மறுபுறம் அழைக்க, அம்முனை இடையே அலைகின்றது. சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. பொருத்திய கணினிகளில் இத்தளர்ச்சி பெரிதும் குறைவு.

மென்பொருளை உருவாக்கியோரும் இதனை எண்ணாமல் இல்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் சேர்ந்தே வரும் மைக்ரோசாப்ட் டிஃபென்டர், குறித்த நேரச் சோதனையைக் கணினி ஓய்ந்திருக்கும் வேளையில் தொடங்குமாறே அமைக்கப்பட்டுள்ளது. நாம் பணியாற்றும்போது அது நடைபெறுமாயின், பிராசஸரின் ஆற்றலில் சராசரியாக 50 விழுக்காட்டளவில் நிற்க முயலும். எனவே கடிதம் எழுதுதல், செய்தி படித்தல், பாடல் கேட்டல் போன்ற எளிய பணிகளைத் தாராளமாகச் செய்யலாம். புதிய மென்பொருளை நிறுவுதல், திருமண வீடியோவைத் தொகுத்தல், பெருந்தொகுதியான படங்களை நகலெடுத்தல் ஆகியவற்றைத் தள்ளிவைப்பது நன்று. அவசரப் பணி குறுக்கிட்டால் ஸ்கேனை நிறுத்திவிட்டு, அன்றிரவே மீண்டும் தொடங்கலாம், தவறில்லை. ஆனால், 'வேகம் குறைகிறது' என்று வாயிற்காவலையே அணைத்துவிட்டு, பின்னர் அதனை மறந்துபோவது பெரும் கேட்டில் முடியும்.

இதுவரை கூறியது வழக்கமான சோதனையைப் பற்றியது. ஏதோ தவறு நேர்ந்துள்ளது என்ற ஐயத்தினால் ஸ்கேன் நடத்துகிறோம் எனில், நிலைமை வேறு. நாம் நிறுவாத மென்பொருள் தோன்றுகிறது. கோப்புகள் திறக்க மறுக்கின்றன. நாம் அனுப்பாத அஞ்சல் நம் பெயரில் செல்கிறது. இந்நிலையில் சிற்றப்பாவின் சொல்லே சரி. தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தையும் களவாடும் நிரல்கள் உண்டு. ஆதலால், வங்கிக் கணக்கையோ கடவுச்சொல்லையோ அக்கணினியில் தொடலாகாது. கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமாயின், ஐயமற்ற வேறொரு கருவியில் மாற்றுக. குடும்பப் படங்களின் நகல் உள்ள வெளி டிரைவை உடனே கழற்றி வைக்கவும். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்னும் நிரல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் பலவும் அதனால் அவதியுற்றன. தனியே கழற்றி வைத்த நகலை அத்தகைய நிரல் தொட இயலாது.

விண்டோஸ் 10, 11 இல் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்றொரு வசதியும் உண்டு. ஒளிந்துகொள்ளும் வைரஸ் விழித்தெழுமுன்னே அதனைத் தேடிப்பிடிப்பது இது. கணினி தானாகவே மீண்டும் தொடங்கி, ஏறத்தாழ 15 நிமிடம் சோதிக்கும். அப்போது வேறு பணி செய்யவே இயலாது. திறந்துள்ள கோப்புகளை முன்னதாகச் சேமித்துக்கொள்க.

ஸ்கேன் முடிவில் ஏதேனும் அகப்பட்டால், 'அழி' என்று பதற்றத்தில் ஆணையிட வேண்டா. 'தனிமைப்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. காவலரும் சிலவேளை தவறுவதுண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி ஆன்டிவைரஸ், விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இன்றியமையாத கோப்பொன்றை வைரஸ் எனத் தவறாகக் கொண்டது. உலகெங்கும் எண்ணற்ற கணினிகள் முடங்கின. தனிமைப்படுத்திய கோப்பை, தவறு தெரிந்தபின் மீட்டெடுக்கலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இணையத்தில் உலவும்போது, "உங்கள் கணினி சோதிக்கப்படுகிறது, பல வைரஸ்கள் அகப்பட்டன, இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை அலறினால், அது சோதனையன்று, சூழ்ச்சி. ஓர் இணையப் பக்கத்தால் நம் கணினி முழுவதையும் சோதிக்க இயலாது. ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியோர் பலர் இவ்வலையில் விழுகின்றனர். அப்பக்கத்தை மூடிவிடுக, அழைக்க வேண்டா. பணம் இழந்திருப்பின், இந்தியாவில் 1930 என்னும் எண்ணில் தாமதமின்றி முறையிடலாம்.

வாரம் ஒருமுறை, இரவு உணவு வேளையில், மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்து ஸ்கேனைத் தொடங்கிவிடுங்கள். கணினி உறங்கிவிட்டால் சோதனையும் நின்றுவிடும் என்பதால் மூடியைத் திறந்தே வையுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், மெய்யான சோதனையின் திரை எவ்வாறிருக்கும் என்பதை அவ்வேளையில் அருகமர்ந்து அவர்களுக்கும் காட்டுங்கள். பொய்யானது தோன்றும் நாளில் அவர்கள் அதனை எளிதில் அடையாளம் கண்டுகொள்வர்.